தம்பியின் சட்டை

ஆறு மணிக் காட்சிக்குப் படப்பெட்டி வரவில்லை.
தக்கலையில் பஸ் மாறும்போது
கருப்பட்டிச் சிப்பங்களோடு சேர்த்து
யாரோ திங்கள்சந்தைக்கு ஏற்றிவிட்டார்களாம்.
குளச்சல் கடற்கரைக் கொட்டகையில்
பெண்களுக்கு அன்று காட்டியது
தென்னைக்கு உரமிடும் முறை.

பத்து மணிக்குப் பெட்டி வந்துசேர்ந்தது.
பத்து மணிக் காட்சி ஆண்களுக்கு மட்டும்.

பனிப்பிச்சைக்குக் காய்ச்சல்,
கஞ்சி குடித்துக் குப்புறக் கிடந்தான்.
கொடியில் அவன் சட்டை, அவன் சாரம், அவன் துவர்த்து.
எனக்கும் தம்பிக்கும் ஒரே உயரம்,
ஒரே மூக்கு.
சடைக்குத்தான் வழியில்லை;
தலையில் கட்டிய துவர்த்துக்குள்
தூங்கும் பூனைபோலச் சுருண்டிருந்தது.

படத்தில் ஓர் ஓட்டல். அதில்
மனிதர்களைவிடக் கதவுகள் அதிகம்.
வேலைக்காரன் பிரபுவின் கோட்டைப் போட்டுப் பிரபு ஆனான்.
பிரபு, கடன்காரருக்குப் பயந்து,
பாவாடை கட்டிப் பணிப்பெண் ஆனான்.
வாய் திறந்தால் பாட்டு,
படிக்கட்டைக் கண்டால் ஆட்டம்.
கோட்டைக் காதலித்தாள் ஒருத்தி,
உள்ளே இருப்பது யாரென்று கேட்காமலே.

திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு சிலுவைதாசன்.
கொழும்புக் கப்பலில் துரைமாருக்குப் பட்லர்,
இங்கிலீஷ் தண்ணீர்ப்பட்ட பாடு என்று
ஊர் நம்பியது.
"லேய், சத்தம் போடாதீங்கலேய்!
தொர சொல்லியாரு,
'தங்கச்சி கல்யாணத்துக்கு வள்ளத்த வித்தாச்சு,
இனி ஒன்ன நான் எப்படிட்டி கட்டுவேன்?'"

துரை சொன்னது குடையைப் பற்றி.
மடத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்த
என் இங்கிலீஷுக்கே அது தெரிந்தது.

பாவாடை கட்டிய பிரபுவின் முழங்காலில்
ரோமம் தெரிந்தது. சிலுவைதாசனுக்குத் தெரியவில்லை.
"பாவம், தாயில்லாப் பிள்ள" என்றான்.
முன்வரிசையில் மூக்குச் சிந்தினார்கள்.

மூன்றாம் சுருளுக்குப் பதில்
ஐந்தாம் சுருளை மாட்டினான் ஆபரேட்டர்.
போடுவதற்கு முன்பே வேஷம் கலைந்தது.
கொட்டகை குழம்பியது.
சிலுவைதாசன் குழம்பவில்லை.
"இது வேற ஆளு. கூடப்பிறந்த ரெட்ட.
மனசிலாச்சா?"
முந்நூறு ஆண்களுக்கும் மனசிலாயிற்று.
எனக்குத்தான் தாங்கவில்லை.
துவர்த்தின் முனையை வாயில் திணித்தும்
சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

படம் விட்டதும்
கொட்டகைக்குப் பின்னே, வலை உணக்கும் இடத்தில்,
தோளைப் பிடித்தான்.
"பனிப்பிச்ச, நீ மட்டும் சிரிச்ச."
பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும்.
இருமினேன், தம்பி இருமுவதுபோல.
"ஒனக்குத் தெரிஞ்சு போச்சு.
எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது மக்கா.
கப்பல்ல உருளைக்கிழங்கு தோலுரிச்சேன்.
எட்டு வருசம், அது மட்டும்தான்.
யாருட்டயும் சொல்லிராத.
முக்கியமா ஒன் அக்கா செறுபுஷ்பத்துட்ட."
பீடியை இழுத்தான், அது அணைந்திருந்தது.
"அவ படிச்சவ. அவளுக்குத் தெரிஞ்சா
நான் எந்த மூஞ்சிய வச்சுப் பெண்ணு கேக்க?"

"ம்" என்றேன்.
அது ஆண்குரலாகத்தான் வந்தது.

பெண் கேட்டார். கொடுத்தார்கள்.
முப்பத்தொரு வருஷம் ஆகிறது.
டிவியில் இங்கிலீசுப் படம் ஓடினால்
இப்போதும் எனக்கு விளக்கம் சொல்வார்.
போன வாரம்கூட, விமானத்தில் வெடிகுண்டு வைத்தவனை
மாமியார் வீட்டுக்குப் போகிறவனாக்கினார்.
கொள்ளாம், அந்தக் கதையும் நன்றாகத்தான் இருந்தது.

"ஒன் தம்பி வாய் பூட்டுபோட்ட பெட்டி" என்பார் திடீரென்று,
காரணம் சொல்லாமல்.
ஏலத்தில் நல்ல நெய்மீன் விழுந்தால்
நடுத்துண்டம் பனிப்பிச்சைக்கு.
கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு என்னைவிட விலையான துணி.
அவன் ரகசியமாக என்னிடம் கேட்பான்,
"அத்தான் எனக்கு எதுக்குக்கா இவ்வளவு செய்யாரு?
நான் அவருக்கு என்ன செஞ்சேன்?"

"காய்ச்சல்ல கெடந்தியே லேய்" என்பேன்.
விழிப்பான்.
"வாங்கித் தின்னு."