பதினொன்றாவது போல்ட்

மார்ச் மாதம். ஹாப்சாலுவில்
கடல் இன்னும் கட்டியாகத்தான் கிடக்கிறது.
பாய்மரப் படகுகள் கரையேறி
முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கின்றன,
கீழ்ப்பாதி தெரிந்துவிட்ட கூச்சத்தோடு.

‘பிஹ்லகாஸ்’ விற்பனைக்கு.
ஓலெவ் மூன்று நாள் தேய்த்திருக்கிறார்.
வின்ச்சில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.
வாங்க வந்த கைரியும் அவள் புருஷனும்
அதைத்தான் செய்தார்கள், சிரித்துக்கொண்டே.

சோதிக்க வந்தவள் ஊர்வே.
கையில் ஒரு சின்னச் சுத்தியல்,
பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி,
காதில் பென்சில்.
மின்னுவதையெல்லாம் விட்டுவிட்டு
மின்னாததிலிருந்து தொடங்கினாள்.

அடியில் வெண்கல வால்வு பச்சை பூத்திருந்தது.
கைரி முகம் சுளித்தாள்.
“அதைத் தொடாதீர்கள். அழுக்கில்லை அது, சட்டை.”
களிம்பு.
செம்பைப் பிடித்த மாசுக்கும் அதுதான் பெயர்,
புண்ணில் தடவும் மருந்துக்கும் அதுதான் பெயர்.
இங்கே இரண்டாவது.

சுக்கானுக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டி,
சப்பிப் போட்ட வெல்லம் மாதிரி.
“நல்லது” என்று எழுதிக்கொண்டாள்.
நல்லதா?
“கரைவதற்குத்தான் வைத்தது.
முழுசாக இருந்திருந்தால்
வேறு எதுவோ கரைந்திருக்கிறது என்று அர்த்தம்.”

பாய்மரம் அலுமினியம். ஆனோடைஸ் செய்த சாம்பல் தோல்,
அதில் எட்டு ஸ்டீல் திருகுகள்,
ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளைப் பொடி.
இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம்:
பேச்சு தொடங்கிவிடும்,
தோற்பது எப்போதும் அலுமினியம்.
“மஞ்சள் பசை தடவாமல் முடுக்கியது யார்?”
ஓலெவ் ஒரு கடற்காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேல்தளம்.
பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகள்
படகோடு சேரும் இடம்.
பக்கத்துக்கு மூன்று தகடு, தகட்டுக்கு இரண்டு போல்ட்.
எல்லாம் எவர்சில்வர்.
பெயரிலேயே சத்தியம் பண்ணிவிட்ட உலோகம்.

பொய்ச் சத்தியம் என்றும் சொல்ல முடியாது.
காற்றுப் பட்டால் தன்மேல் தானே
கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் போர்த்திக்கொள்ளும்,
கீறினால் கீறிய இடத்தில் உடனே வளர்த்துக்கொள்ளும்.
மூச்சு மட்டும் வேண்டும் அதற்கு.
மூச்சில்லாத இடம் ஒன்று உண்டு:
தளத்தின் தேக்குப் பலகைக்கும் ரப்பர் பசைக்கும் நடுவே,
பத்து வருஷத்து ஈரத்தில்.

“ஒன்றையாவது கழற்றிப் பார்க்க வேண்டும்.”
“தலையைப் பாருங்கள், புதுசு மாதிரி இருக்கிறது.”
“தலையைப் பார்த்துவிட்டேன்.”

பத்து போல்ட் ஒழுங்காக வந்தன.
பதினொன்றாவது சுலபமாக வந்தது.
பாதிதான் வந்தது.

மேலே பௌர்ணமி.
கீழே, கழுத்தில், எலி கடித்த மெழுகுவத்தி;
பழுப்பு நிறம், பென்சில் முனையளவு மட்டும்
நேற்றுவரை இரும்பாக இருந்த இடம்.

யாரும் பேசவில்லை.
கைரியின் புருஷன் கைபேசியில்
விலையைக் குறைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தான்.

ஓலெவ் போட்ட கணக்கு வேறு.
ஆகஸ்டு. கோட்லாந்திலிருந்து திரும்பும் இரவு.
நொடிக்குப் பதினாறு மீட்டர் காற்று,
படகு இந்தப் பக்கக் கம்பியில்தான்
விடிய விடியத் தொங்கியது.
மைமு கீழே தூங்கினாள்.
அவர் சுக்கானைப் பிடித்தபடி,
என்ன அருமையாகப் போகிறது என்று
இருட்டில் சத்தம் போட்டுப் பாடினார்.

“அதை என்னிடம் கொடுக்கிறீர்களா?”
ஊர்வே கொடுத்தாள்.
தாளில் ‘பன்னிரண்டும் மாற்றுக’ என்று எழுதி
அடிக்கோடு போட்டாள், பிறகு
எதற்கோ இன்னொரு கோடும்.

அவர் ஏணியில் இறங்கிப் பனியில் நின்று
போன் செய்தார்.
“மைமு.
இல்லை, இன்னும் விற்கவில்லை.
இல்லை. ஒன்றுமில்லை.
சும்மாதான்.”
ஒரு பையில் அந்தப் பாதி போல்ட்.
மற்றதில் மெருகுத்துணி,
இன்னும் ஈரமாக.