சீல் வைத்த சாம்பிள்

நாலே முக்காலுக்கு
அவினாசி ரோட்டில் முதல் நூல் லாரி கியர் மாற்றும்.
அதுதான் எனக்கு அலாரம்.

மொட்டை மாடியில் ஒரு வலை கட்டியிருக்கிறேன்.
போன வருஷம் ஹாம்பர்க்கிலிருந்து திரும்பி வந்த
இன்டர்லாக் துணி, நாலு மடிப்பு,
சாயம் ஒரு பிடி கூடிப்போன நீலம்.
பந்து பட்டால் ‘தொப்’பென்று
யாரோ மாவு மூட்டையை இறக்கிய சத்தம்.

முதலில், கால் இரண்டையும் ஒட்டி வைத்து
பாதி வீச்சு.
ஆட்டம் கூடினால் உடம்பே தள்ளிவிடும்.
முதல் வாரம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிச் சுவரைத்தான்
பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது அக்குளில் துணி.
கழுத்துப் பட்டி கோணிய குழந்தை பனியன் ஒன்றை
இடுக்கிக்கொண்டு சுழல வேண்டும்.
நழுவினால்
கை ஒரு ஊருக்கும் உடம்பு ஒரு ஊருக்கும்
பஸ் ஏறிவிட்டதாக அர்த்தம்.
தெர்மாமீட்டர் வைத்த பிள்ளை மாதிரி
விறைத்து நிற்கிறேன்
முப்பத்தெட்டு வயதில்.

பிறகு நொய்யலைவிட மெதுவாக ஒரு வீச்சு,
மேலே போய் அங்கேயே நின்று
மூச்சை விட்டு
இறங்கி வர முழுசாக ஒரு நிமிஷம்.
பந்தே கிடையாது இதற்கு.
தொடை மட்டும் நடுங்கும்.

கடைசியாக, நூல் தீர்ந்த கோன் இரண்டு.
நடுவே கிளப்பின் தலை நுழையுமளவு சந்து.
இடித்தால் கோன் பறக்கும்,
பக்கத்து மாடிக்கு.
அங்கே சாயப்பட்டறை பாய்லரில் ராத்திரி ஷிப்ட் முடித்து
பல் விளக்கிக்கொண்டிருப்பார் சென்னியப்பன்.
பொறுக்கிப் பையில் போட்டு
சனிக்கிழமை கேட்டில் கொண்டுவந்து கொடுப்பார்.
“இந்த வாரம் பதினொண்ணுதானுங்க மேடம்.
போன வாரம் பத்தொம்பது.”
என் முன்னேற்றத்தை இந்த உலகத்தில்
அவர் ஒருவர்தான் கணக்கு வைத்திருக்கிறார்.

பகலில் என் மேசைக்கு வரும் பீஸ் எல்லாம்
ஒன்றுபோல் இருக்க வேண்டும்.
நூற்று எண்பது ஜிஎஸ்எம்,
அஞ்சு கூடலாம், அஞ்சு குறையலாம்.
பையர் கையெழுத்திட்டு சீல் வைத்த சாம்பிள்
பீரோவில் தொங்கும்.
சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும்.
என் கைக்கு அப்படி ஒன்று இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
பந்தை அடித்ததே கைக்குத் தெரியவில்லை.
துணி மட்டும் பின்னால் போய்த் திரும்பியது.
கிளப்பை இறக்காமல் அப்படியே நின்றேன்,
இறக்கினால் கலைந்துவிடும் என்று.
கட்டைவிரல் எங்கே, குதிகால் எங்கே,
ராத்திரி என்ன சாப்பிட்டேன்
எல்லாம் குறித்துக்கொண்டேன்.
அடுத்த பந்து தொட்டிக் குழாயை உடைத்தது.
பிளம்பருக்கு எழுநூறு ரூபாய்.

ஞாயிறு, செட்டிபாளையம்.
பாலக்காட்டுக் கணவாய் வழி வந்த ஆடிக் காற்று
கொடியைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
பின்னால் மூன்று எக்ஸ்போர்ட் முதலாளிகள்
வாட்சைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.
அடித்தேன்.
வலப்பக்கம் வெள்வேல மரத்துக்குள் போனது.
இன்னொன்று வைத்து அடித்தேன்.
அதே மரம். அதே கிளைக்குக் கீழே.
ஒருவர் ‘த்சொ’ கொட்டினார்.

எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.
பத்து மெஷினில் பத்து விதமாகப் பிசகினால்
அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.
ஒரே இடத்தில் ஒரே பிசகு வந்தால்
டெய்லரிடம் குறையில்லை,
செட்டிங்கை அரை மில்லி திருப்பினால் தீர்ந்தது.
முள்ளுக்குள் கையை விட்டேன்.
இரண்டு பந்தும் ஒரு சாண் தூரத்தில் கிடந்தன.
முழங்கையில் நீளமாக ஒரு கீறல்.

திங்கட்கிழமை கோன் இரண்டையும்
அரை விரற்கடை இடப்பக்கம் திருப்பி வைத்தேன்.

வியாழக்கிழமை, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு ஒரு குரல்:
“ஏனுங்க மேடம், மூணு நாளா ஒண்ணுகூட வரலீங்களே,
மேலுக்குச் சொகமில்லீங்களா?”