ஆளில்லா வீடு

பதினேழு: பூட்டு. ஜன்னல் வழியே படுக்கை ஏதும் தெரியவில்லை.
பதினெட்டு: பூட்டு. அடுப்பு எரிந்த தடயம் இல்லை.
ஒன்றாம் எண்ணிலிருந்தே
இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன்,
ஆளில்லை, ஆளில்லை என்று.
ஆளில்லாத வீட்டை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும்.
ஸ்டைன்காஃப் ஊரில் மதியம் இரண்டு மணி.
டர்பனில் வாங்கிய ஷூவின் பசை
இளகிப் பிளந்தது.

பத்தொன்பதின் பின்புறம்
கவிழ்த்த கூடை மாதிரி ஒரு குடில்,
வளைத்த கம்புகள்மேல் கோரைப்பாய்.
உள்ளிருந்து ஒரு பெண்குரல்:
"ஆளில்லையாமே மெனீர்,
அப்போது நாங்கள் ஐந்து பேரும் யார்?"

ரஹேல் க்ளூட்டே.
பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை,
பகலில் தூங்க வேண்டியவள்.
சாவியை என் கையில் வைத்தாள்.
"உள்ளே போய் நூறுவரை எண்ணுங்கள்."

தகரத்துக்கும் என் தலைக்கும் நடுவே ஒன்றுமில்லை.
முப்பத்தெட்டில் எண்ணிக்கை தப்பியது.
தாழ்ப்பாளைத் தேடிய விரல்
சுட்டுக்கொண்டது.

குடிலுக்குள் தண்ணீர் கொடுத்தாள்.
வெயிலில் கோரை சுருங்கும், காற்று நுழையும்;
மழையில் ஊதும், சொட்டு இறங்காது.
கட்டடக்கலை படித்தவனிடம்
கொட்டாவி விட்டபடி சொன்னாள்.
"ஆனால் ஜூலைக் குளிரை இது தாங்காது.
போன வருடம் சின்னவனுக்கு மார்ச்சளி.
எனக்கு அந்தச் செங்கல் வீடும் வேண்டும்,
சுவிட்சு வேண்டும், பூட்டுகிற கதவு வேண்டும்.
எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.
முடித்துக் கொடுங்கள்."

விடுதியில் பழைய கோப்பைத் திறந்தேன்.
பதினோரு வருடத்துக்கு முந்தைய மதிப்பீடு.
இத்தனை மூட்டை சிமெண்ட், இத்தனை கிலோ ஆணி.
இருபத்து மூன்றாம் வரி, உட்கூரை:
அதன்மேல் சிவப்புக் கோடு,
ஓரத்தில் 'தவிர்க்கலாம்'.
இடப்பக்கம் சாயும் அந்தக் கையெழுத்தை
என் காசோலைகளில் தினமும் பார்க்கிறேன்.

அந்த வருடம்தான்
சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஹாலுக்கு
மரத்தில் உட்கூரை போட்டோம்.
வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

பத்தொன்பது: ஆளுண்டு. ஐவர்.
'குறிப்பு' என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
'வீடு பாதிதான் கட்டப்பட்டிருக்கிறது' என்றெழுத
எழுத்து கட்டத்தைத் தாண்டி
கையொப்பமிடும் இடத்தில் போய் முடிந்தது.

காலையில் மறுபடி போகவேண்டும்.
முதல் பதினெட்டு வீடுகளின் பின்பக்கம்
நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.