மூச்சை அடக்குங்க

அஸர் பாங்கு முடிந்து
கடைசிப் பெண்ணும் போனபின்
கிருபாஜினி தீப்பெட்டியைத் திறந்தாள்.
உள்ளே நாற்பது நெல்.

மார்பைப் படமெடுக்கும் தட்டில்
ஒட்டுநாடாவால் எட்டெட்டாக ஐந்து வரிசை.
எலும்புக்கான கதிர் நெல்லைத் துளைத்துப் போய்விடும்.
கல்முனை ஆஸ்பத்திரியில் இது ஒன்றுதான்
மெல்லியதைப் பார்க்கத் தெரிந்த இயந்திரம்.

நோயாளியின் பெயர் வேண்டும் என்றது கணினி.
நெல் என்று அடித்தேன்.
வயது கேட்டது.
நூற்றைந்து நாள், என்றாள் அவள்.
வருசக் கணக்குத்தான் அதற்குத் தெரியும்.
பூச்சியம் போட்டேன்.

பழக்கதோஷம்:
ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று
"அசையாதீங்க, மூச்சை அடக்குங்க" என்றேன்.
சிரித்தாள்.
பிறகு சொன்னாள்,
"நெல்லும் மூச்சு விடுது மிஸ்.
ஈர மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாருங்க, சுடும்."

திரையில் வந்தன.
உமி ஒரு புகைக்கோடு.
ஒரு முனையில் முளை, சிறு நிழல்.
மில்லில் வெள்ளை வயிறு என்று கழிப்பார்களே,
அது இங்கே கறுப்பாய் விழுந்திருந்தது.
சிலதில் குறுக்கே மயிரிழை,
சிலதில் மூன்று.

இந்த மயிரிழைக்காகத்தான்
மூன்று மாதமாய்
உதுமாலெவ்வை ஹாஜியாரும் அலியாரும்
ஒரே பள்ளியில் வேறு வேறு சஃப்பில் நிற்கிறார்கள்.
பாதிக்குப் பாதி குறுணல்,
வெயிலில் கருக்கிக் கொண்டுவந்தான் என்கிறார் மில்காரர்.
உங்கட உருளை நசுக்கினது என்கிறார் வயல்காரர்.
சுனாமி மிஷின் ஓட்டிய பொடியனையும்
இடையில் இழுத்துவிட்டார்கள்.

முதல் இரண்டு வரிசை
அம்பாறை வீதியின் தாரில் காய்ந்து
இரவில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தவை.
அடுத்த இரண்டும்
அதே தார், அதே வெயில், போர்வை இல்லை.
ஒன்றும் மில்லைக் கண்டதில்லை.

கிருபாஜினி பென்சிலால் எண்ணினாள்.
போர்த்தவற்றில் பதினாறுக்கு ஒன்று.
போர்த்தாதவற்றில் பதினொன்று.

வெயில் உடைக்கவில்லை.
காய்ந்து கிடந்தது
விடியப்புறப் பனியைக் குடித்ததில்
உடைந்திருக்கிறது.
தாகம் அல்ல, தண்ணீர்.
இதை யாரிடம் போய்ச் சொல்வது.
சொன்னால் தார்ப்பாய் யார் வாங்குவது என்று
அடுத்த சண்டை தொடங்கும்.

கடைசி வரிசை
ஹாஜியார் திருப்பியனுப்பிய மூட்டையிலிருந்து.
முப்பத்தேழாவது முழு நெல்.
உமியில் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை இல்லை,
கீறல் இல்லை.
உள்ளே சுருண்டு கிடந்தது அந்தின் புழு,
மாவில் பாதியைத் தின்று
அந்த இடத்தில் தான் படுத்து.

"ஏதும் இரிக்கா மிஸ்?"

இது கிருபாஜினி கேட்டதல்ல.
மூன்று மணிக்கு,
மருதமுனையிலிருந்து வந்தவள்,
முக்காட்டைச் சரிசெய்தபடி.
டொக்டர்தான் சொல்லுவார் என்றேன்,
பதினொரு வருசம் பழக்கிய முகத்தோடு.
பார்த்தவள் நான்.
சொல்வது என் வேலை அல்ல.

முப்பத்தேழில் விரல் வைத்து
"இரிக்கு" என்றேன்.
அறை அதிர்ந்ததுபோல் இருந்தது.
கிருபாஜினி நிமிர்ந்து பார்த்தாள்.
"இந்தா இரிக்கு, நல்லாப் பாருங்க,
இதுதான் தலை."
புழுவுக்கு ஏன் இத்தனை சத்தம் என்று
அவள் கேட்கவில்லை.

தீப்பெட்டியோடு ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடினாள்.

கணினியின் பட்டியலில்
அந்தப் பெண்ணின் பெயருக்கு நேர் கீழே
நெல், வயது பூச்சியம்.
நெல்லை அழித்தேன்.
அவள் படத்தின் ஓரத்தில்
அவசரம் என்று குறியிட்டேன்.
அவ்வளவுக்குத்தான் எனக்கு அனுமதி.

பிறகு தட்டைத் துடைத்தேன்.
ஒட்டுநாடாவை உரித்தபோது
சுணை விரலில் ஏறிவிட்டது.
சாய்ந்தமருது தாண்டியும்
அரித்துக்கொண்டே வந்தது.