ஆறரை மணிக் கையெழுத்து

படிவத்தின் நான்காம் பக்கம் கேட்கிறது:
கடந்த ஏழு நாட்களில்
சட்டைப் பொத்தானை உங்களால் போட முடிந்ததா?
சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவில்லை.
நான்கு கட்டங்கள்.
எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை.

காலை ஆறரைக்கு என் விரல்கள்
இரவெல்லாம் வெளியே நின்ற கார்.
சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான்.
தண்டர் பேயில் ஜனவரியில்
எல்லோரும் எஞ்சினுக்கு மின்கம்பி செருகிவிட்டுத்தான் தூங்குகிறோம்.
எனக்குச் செருக இடமில்லை.
வெந்நீர்ப் பாத்திரத்தில் இரு கைகளையும் அமிழ்த்தி
வானொலி குளிரைச் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன்.
மைனஸ் முப்பத்தொன்று.
பிறகு மாத்திரைப் புட்டியோடு மல்லுக்கட்டு.
குழந்தைகள் திறக்கக் கூடாதென்று செய்த மூடி.
அவர்கள் திறந்துவிடுவார்கள்.

பதினொரு மணிக்கு நான் வேறொருத்தி.
முகமூடி, கையுறை, தலைக்கு மேல் வெளிச்சம்.
பென்சிலைவிட மெலிந்த எஃகுக் கொக்கியால்
ஊராரின் பல்லிடுக்கில்
இருபத்திரண்டு வருடமாகக் காறை சுரண்டுகிறேன்.
இந்த ஊரின் வாய்கள் எனக்கு மனப்பாடம்.
யார் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறார்கள்,
யார் சிகரெட்டை விட்டதாகச் சொல்கிறார்கள்.
என் பல்லை நான் கடித்துக்கொண்டிருப்பது
முகமூடிக்குள்.

வியாழக்கிழமை கொக்கி நழுவியது.
தானியக் கிடங்கில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ரெய்னோ ஹக்காலா,
கீழுதட்டில் ஒரு துளி.
"ஒன்றுமில்லை ஐலா, சவரத்தில் இதைவிட அதிகம் போகும்"
என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
பின்னறைக்குப் போய்
கருவிகள் வேகும் பெட்டியின் சூட்டில்
கையை வைத்துக்கொண்டு நின்றேன்.
சூடு இதமாக இருந்தது. அதுதான் வெட்கம்.

வரவேற்பு மேசை டார்லீனிடம் மட்டும் சொன்னேன்.
"பார்த்தால் நல்லாத்தானே இருக்கே" என்றாள்.
பாராட்டா புகாரா, தெரியவில்லை.

டொராண்டோவிலிருந்து
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் வரும் டாக்டர்
தன் இரண்டு விரல்களை நீட்டி, அழுத்துங்கள் என்றார்.
பிற்பகல் இரண்டரை. நல்ல நாள்.
மதிப்பெண்ணுக்கு ஏங்கும் மாணவியைப் போல
பலத்தையெல்லாம் திரட்டி அழுத்தினேன்.
"பரவாயில்லையே" என்று எழுதிக்கொண்டார்.
காருக்குத் திரும்பி, கதவைத் திறக்க முடியாமல்
என்னையே திட்டிக்கொண்டேன்,
பின்னிஷில், அம்மா திட்டுகிற வார்த்தைகளால்.

சம்பளத்தில் அறுபது சதவீதம் தருவார்களாம்.
கணக்குப் போட்டேன்.
வீட்டுக் கடன், எரிவாயு, எலியாஸின் வெல்டிங் படிப்பு.
நாற்பது சதவீதத்தை எதிலிருந்து பிடுங்குவது?
பணம் ஒரு பக்கம் இருக்கட்டும்.
விடுப்பு என்கிறார்கள்.
யார் யாரை விடுகிறார்கள் அதில்?
நான் வேலையையா, வேலை என்னையா,
அல்லது இருவரும் சேர்ந்து
இந்தக் கைகளையா?

மூன்று வாரம் படிவம் காரிலேயே கிடந்தது,
பனி சுரண்டும் தகட்டுக்கு அடியில்.
நல்ல நாளில் எடுத்தால் பொய்க்காரி போலிருந்தது.
மோசமான நாளில் எடுக்கவே முடியவில்லை.

இன்று காலை ஆறரைக்கு,
வெந்நீருக்கு முன்னால், மாத்திரைக்கு முன்னால்,
சமையலறை மேசையில் அதை விரித்தேன்.
பேனாவை முஷ்டிக்குள் திணித்து
ஐலா கொர்ப்பேலா என்று எழுதினேன்.
'ஐ' பாதியில் சரிந்தது.
குடும்பப்பெயர் கோட்டைத் தாண்டி
தேதிக்கான கட்டத்தில் போய் விழுந்தது.
வங்கி இதை ஏற்காது.
நான்கு பக்கத்தில்
உண்மை சொன்ன வரி அது ஒன்றுதான்.

எட்டரைக்கு ஒரு வாய் காத்திருக்கிறது,
போகத்தான் போகிறேன்.
வழியில் அல்கோமா தெருத் தபால்பெட்டி.
கைப்பிடி உறைந்து இறுகிக் கிடந்தது.
முழங்கையால் ஓங்கி ஒரு இடி.
திறந்தது.
முழங்கைக்கு இன்னும் வரவில்லை.