பதினான்காவது லேயர்

பன்னிரண்டுக்கு முப்பத்தாறு.
திரையில் ஒரு வெள்ளைப் பக்கம்.

கீழக்கரையில் பெண்கள் பக்கத்துப் படங்கள்
ஸ்டுடியோவுக்குப் போவதில்லை.
பென்டிரைவில், கைக்குட்டை முடிச்சில்,
என் வீட்டுப் பின்வாசலுக்கு வரும்.
மச்சம், தெத்துப்பல்,
அழுதுவிட்டு மறுபடி தீட்டிய மை,
ஊரின் முகங்கள் அத்தனையும் எனக்குத் தெரியும்.
தெருவில் கண்டால் நடையை வைத்துத்தான் அடையாளம்.

உப்புக்காற்று கீபோர்டைத் தின்றுவிட்டது.
கன்ட்ரோல் அழுந்தும், இஸட் அழுந்தாது.
செய்ததைத் திரும்பப் பெற
மவுசோடு மேலே போய்த் தேட வேண்டும்.
அதனால் யோசித்துத்தான் வெட்டுவேன்.

இலவசமாகக் கிடைக்கும் அலங்காரமெல்லாம்
மேப்பிள் இலை, பனித்துளி, ஈஃபில் கோபுரம்.
நூர் சுலைஹா கல்யாணத்தில்
எங்கே பனி பெய்தது?
தம்பியைக் கடற்கரைக்கு அனுப்பினேன்.
பாசி, சிப்பி, அறுந்த வலைத்துண்டு,
ஜெட்டிக் கம்பியில் உரிந்த பெயின்ட்
எல்லாவற்றையும் ஸ்கேனரில் பரப்பினேன்.
மணல் கண்ணாடியைக் கீறிவிட்டது.
அன்றிலிருந்து நான் செய்யும் எல்லாப் பக்கத்திலும்
குறுக்கே முடி போல் ஒரு கோடு.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

பாசிமேல் படங்களை வைத்தேன்.
மருதாணிக் கை, தொதல் தட்டு,
கட்டிலுக்கடியில் தூங்கிப்போன வாண்டு,
நடுவில் மணப்பெண்ணும் மச்சிமார் நால்வரும்.
ஒவ்வொன்றுக்கும் கீழே நிழல்.
நிழலெல்லாம் ஒரே பக்கம் விழ வேண்டும்,
இல்லையென்றால்
இரண்டு சூரியன் உள்ள வீடாகிவிடும்.

ராத்திரி பெண்ணின் உம்மாவிடமிருந்து
வாட்ஸப்பில் குரல்:
"எல்லாம் அழகா இருக்கும்மா.
ஓரத்துல நிக்கிறவள மட்டும் எடுத்துரு.
இப்ப அவ எங்க வீட்டுல இல்ல."

கல்யாணத்துக்கும் ஆல்பத்துக்கும் நடுவே
எட்டு மாதம்.
அதற்குள் மர்ஜானாவுக்குக் குலா முடிந்திருந்தது.

முந்நூறு சதவீதம் பெரிதாக்கி
தோளைச் சுற்றி, தாவணி மடிப்பைச் சுற்றி
புள்ளி புள்ளியாகப் போனேன்.
பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஒற்றி
அவள் நின்ற இடத்தில் பூசினேன்.
சுவர் வந்தது,
பச்சை ஜன்னலின் மிச்சப் பாதியும் வந்தது.

கை மட்டும் போகவில்லை.
அது சுலைஹாவின் காதில்
கம்மல் மாட்டிக்கொண்டிருந்தது.
கையை எடுத்தால் காதும் போகும்.
நானாக ஒரு காது வரையலாம்,
அவள் காதாக இருக்காது.

மணிக்கட்டில் ஒரு சிப்பியை வைத்தேன்.
மூன்று விரல் மிஞ்சியது.
"இப்பச் சரி" என்றார் உம்மா.
அறுநூறு ரூபாய் வந்து விழுந்தது.

வெட்டியெடுத்தவளை நான் அழிக்கவில்லை.
பதினான்காவது லேயர்.
இடப்பக்கம் சின்னதாக ஒரு கண் இருக்கும்,
தட்டினால் மூடிக்கொள்ளும்.
அவ்வளவுதான்.
ஃபைலின் கனம் குறைவதில்லை.

நோன்பு பதினேழு, கரன்ட் இல்லாத மத்தியானம்.
கைமாற்றுக் கேட்க வந்தவள்போல
பின்வாசலில் நின்றாள் மர்ஜானா.
"நான் இருக்கிற படம் எதுவும் வச்சிருக்கீங்களா லாத்தா?
அன்னைக்கு நான் நல்லா இருந்தேன்."

பேட்டரியில் பதினொரு சதவீதம்.
புதுப் பக்கம் திறந்து
அவளைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.
நன்றாகத்தான் இருந்தாள்,
வலது மணிக்கட்டு வரைக்கும்.

"கை எங்கே?"

"அவங்க ஆல்பத்துல இருக்கு.
அதை எடுத்தா காதும் சேர்ந்து வரும்.
காதோட அவளும் வருவா."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
எதிர்வீட்டு ஆடு ஒன்று
வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"முகம் வேணாம் லாத்தா,
காதோட நிறுத்திருங்க.
அந்தக் கம்மலு என்னோடது.
போட்டுட்டுத் தாறேன்னு வாங்குனா,
இன்னும் திருப்பித் தரல."

பேட்டரி நான்கு.
கம்மலைச் சுற்றிப் புள்ளி வைக்கத் தொடங்கினேன்.