இருபத்து நான்கு விநாடி

ஆட்டத்துக்கு அறுபது ரிங்கிட், ஒரு பொட்டலம் நாசி லெமாக்.
வேலை இதுதான்:
பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததும்
இருபத்து நான்கிலிருந்து கீழே எண்ணும் பெட்டியை
தட்டிவிட வேண்டும்.
பகலில் மாநகராட்சி, சாலை விளக்குப் பிரிவு.
சிவப்புக்கு எவ்வளவு, பச்சைக்கு எவ்வளவு என்று
கொம்தார் பக்கம் ஏணிமேல் நிற்பவன்.
விநாடி எனக்குப் புதிதில்லை.

முதல் இரண்டு ஆட்டமும் கோலாலம்பூரில்.
கைப்பேசியில் பார்த்தேன், முடிவு வரை பார்க்கவில்லை.
பத்தொன்பது புள்ளியில் ஒன்று
இருபத்து மூன்றில் ஒன்று
தோற்றோம்.
அவர்களிடம் ஆறடி இரண்டங்குல மெய் ஷான்.
எங்களிடம் நல்ல பழக்கவழக்கம்.
ஐந்தில் மூன்றை வெல்ல வேண்டிய தொடர்;
கோச் ஊய் தீவுக்குத் திரும்பியபோது
வாடகை பாக்கிக்காரர் மாதிரி
யார் கண்ணையும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஆட்டம், இரண்டாம் கால்பகுதி.
கேப்டன் கணுக்கால் பிசகி உட்கார
பெஞ்சின் கடைசியிலிருந்து எழுந்தது பதினேழாம் எண்.
பக்கத்தில் புள்ளி எழுதும் சுஹைலா
தாளில் விரலை ஓட்டினாள்:
நளாயினி த/பெ சுப்பராயன்.
ஐந்தடி ஓரங்குலம்.
பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்.
'பந்து பொறுக்க வந்த பிள்ளையா?'
பின்வரிசையில் யாரோ.

தட்டினேன்.
இருபத்து நான்கு.
இருபத்து மூன்று.
இருபத்து ஒன்றில் பாதி மைதானம் அவளுக்குப் பின்னால்.
பத்தொன்பதில் வலை அசைந்தது.
மறுபடி தட்டு.
மறுபடி.
அன்று அவள் கையில் பந்து இருந்தவரை
என் பெட்டி பதினைந்துக்குக் கீழே
இறங்கிய நினைவில்லை.
மெய் ஷான் திரும்பிப் பார்ப்பதற்குள்
பார்க்க வேண்டியது முடிந்திருக்கும்.
பாவம், அவ்வளவு உயரம் திரும்ப நேரம் பிடிக்கும்.

நான்காவது ஆட்டத்தன்று மழை.
தகரக் கூரை போட்ட சத்தத்தில்
நடுவர் விசில் கேட்கவில்லை.
வடக்கு வளையத்தடியில் ஒழுகல், ஒரு பையன், ஒரு மாப்பு.
அவளுக்கு இப்போது இரண்டு பேர் காவல்.
இருவரும் அவளை இறுக்கி வளைத்து நிற்பார்கள்
பந்து ஏற்கனவே மூலையில் பீ யென்னிடம் இருக்கும்.
இருவர் போன இடத்தில் ஒருத்தி எப்போதும் தனி.
அந்தக் கணக்கை அவள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை,
நாலு பேரும் புரிந்துகொண்டார்கள்.
பதினான்கு புள்ளியில் வென்றோம்.
முடிவில் சுஹைலா தாளைத் திருப்பிக் காட்டினாள்:
பதினேழாம் எண், இரண்டே புள்ளி.
'சரியாத்தான் எழுதினியா?'
'சரிதான். மத்ததுக்கு இதுல கட்டம் இல்ல.'

ஐந்தாவது.
ஒரு புள்ளி முன்னால். மீதி இருபத்து மூன்று விநாடி.
பந்து எங்களுடையது.
விதிப்படி அப்போது என் பெட்டியை அணைத்துவிட வேண்டும்,
இனி அதற்கு வேலை இல்லை.
அணைத்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவளைத் தொட்டு ஃபவுல் வாங்கினால்தான்
கோலாலம்பூருக்கு வழி.
தொட வந்தார்கள். ஐந்து பேரும்.
அவள் வளையத்தைப் பார்க்கவே இல்லை.
நடுக்கோட்டைத் தாண்டினாள், இடது ஓரம்,
வந்த வழியில் பாதி, மறுபடி இடது,
பந்து முழங்காலுக்குக் கீழே
கொதிக்கும் எண்ணெயில் கடுகு மாதிரி.
நான்கு நாளாக முன்னால் ஓடிய வேகம் முழுவதையும்
எங்கும் போகாமல் ஓடித் தீர்த்தாள்.
ஒரு கை அவள் பனியனின் நுனி வரை வந்தது.
நுனி இல்லை.

ஹாரன்.

எல்லாரும் மைதானத்துக்குள் பாய்ந்ததில்
மேசை ஆடியது, என் நாசி லெமாக் கவிழ்ந்தது.
கோச் ஊய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.
கூட்டத்துக்கு அடியில் புகுந்து
(அதற்கும் அந்த உயரம் உதவுகிறது)
அவள் மேசைக்கு வந்தாள்.
'அண்ணே, மணி என்ன?'

பார்த்தேன்.
ஆட்டக் கடிகாரத்தில் பூஜ்யம்.
என் பெட்டி இருட்டு.
சுஹைலாதான் மணிக்கட்டைத் திருப்பிச் சொன்னாள்:
பத்தே கால்.

'பத்தரைக்கு கம்பெனி பஸ்.'

பதக்கம் கொடுக்க மேடையில் இன்னும்
மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.